ரெண்டு வேஸ்ட் மூட்டைக்கு நடுவே ரோஸ்மேரி

மற்ற ஊர்களில் ஒருவரை வேலையை விட்டு நிறுத்தப் போகும் முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், கத்துவார், கண்ணில் படாமல் சுற்றுவார். திருப்பூரில் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவார்.

ராசப்பன் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார்.

திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் அவருடைய பனியன் கம்பெனிக்குப் பின்னால் வரிசையாக லைன் வீடுகள் இருந்தன. கடைசி வீடு டிரைவருக்கு. முதலாளி எந்நேரம் கூப்பிட்டாலும் ஓடி வரத் தோதாக இருக்கட்டும் என்று கொடுத்த வீடு. அந்த வீட்டுக் கட்டிலில் டிரைவர் ஜெபக்குமார் முழங்கால் வரை மாவுக்கட்டோடு படுத்திருந்தார். பாலக்காட்டு மழையிலும் கொச்சித் துறைமுக நெரிசலிலும் ஒரு கீறல் விழாமல் வண்டி ஓட்டியவர், டியூப் லைட் மாற்றுகிறேன் என்று பிளாஸ்டிக் ஸ்டூலில் ஏறி விழுந்துவிட்டார். ஸ்டூலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"ஏனுங்க ஜெபா, வலி எப்புடி இருக்குதுங்க?"

"பரவாயில்ல முதலாளி. சீக்கிரம் எந்திரிச்சிருவேன்."

"அவசரமே படாதீங்க. நல்லா ரெஸ்ட் எடுங்க." ராசப்பன் வீட்டைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். ஓட்டுக்கூரையை, ஜன்னலை, சுவரில் இருந்த மாதா படத்தை, மூலையில் பத்தாம் வகுப்புப் புத்தகங்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த மகள் அனிதாவை. வீடு பார்க்க வந்தவர் பார்ப்பதுபோல இருந்தது. "வெள்ளகோவில்காரரு ஒருத்தரு, வெள்ளையன்னு பேரு. வண்டி ஓட்ட வரேங்கறாரு. நல்ல மனுசன். குடும்பத்தோட வருவாராட்டத் தெரியுது. அவிங்களுக்கும் இருக்கறதுக்கு ஒரு ஊடு வேணுமில்லீங்களா?"

கேள்வியாகத்தான் கேட்டார். பதில் சொல்ல முடியாத கேள்வி.

அடுப்படியிலிருந்து ஜெபக்குமாரின் மனைவி வெளியே வந்தார். "முதலாளி, நான் ஓட்டுதேன்."

ரோஸ்மேரிக்கு ஊர் சாத்தான்குளம் பக்கம். அதே கம்பெனியில் செக்கிங்கில் இருந்தார். தைத்து வரும் பனியனை விரித்து ஓட்டை, கறை, நூல் பிரிசல் பார்க்கிற வேலை. லைசென்ஸ் வைத்திருந்தார். அதை வாங்க வைத்தது ஜெபக்குமாரின் தூக்கம்தான். கிறிஸ்துமசுக்கு ஊருக்கு வண்டி எடுத்துப் போகும்போது பாதி வழியில் தான் கண்ணயரலாம் என்று பெண்டாட்டிக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். மதுரையிலிருந்து திருநெல்வேலி வரை ரோஸ்மேரி ஓட்டினால் பின்சீட்டில் வைத்த தண்ணீர் தளும்பாது. ஆனால் ஊர் வந்ததும் எழுப்பிவிடுவார். நிறுத்துவது எப்போதும் ஜெபக்குமார். நேர் ரோட்டில் ராணி, சந்தில் வந்தால் சவாரிக்காரி என்று ரோஸ்மேரியே சொல்லிச் சிரிப்பார்.

ராசப்பன் சிரிக்கவில்லை. சிரித்தால் அது மரியாதை இல்லை. "ஓட்டறது பெருசில்லீங்க அம்மிணி. நிறுத்தறதுதான்" என்றார்.

அதில் விஷயம் இருந்தது. ராசப்பனின் டவுன் ஆபீஸ் ராயபுரம் பக்கம் ஒரு குறுக்குத் தெருவில். ஒரு பக்கம் கல் போட்டு மூடியும் மூடாமலும் கிடக்கும் சாக்கடை, மறுபக்கம் டூவீலர்கள், நடுவில் மிச்சமிருப்பது ரோடு. பக்கத்துக் கட்டடம் ஞானசம்பந்தத்துடையது. ஒரு காலத்தில் இருவரும் ஒரே போர்டின் கீழ் தொழில் செய்த கூட்டாளிகள். பிரிந்த பிறகு இருவரும் சண்டையே போடவில்லை. அதுதான் பயங்கரம். ஒருவர் வண்டி ஒருவர் வாசலில் அரை அடி நீட்டிக்கொண்டிருந்தால் மற்றவர் ஒன்றும் சொல்ல மாட்டார். அடுத்த கல்யாணத்தில் பந்திக்கு உட்காராமல் போய்விடுவார். அதனால் ராசப்பனின் இன்னோவா ராசப்பன் வாசலில் மட்டும், அந்த வாசல் முழுவதும், பளபளவென்று நிற்க வேண்டும். பக்கத்துத் தெருவில் விட்டுவிட்டு நடந்து வந்தால், "வண்டிய வித்துப்போட்டாராட்ட இருக்குது" என்று டீக்கடை வரை செய்தி போய்விடும்.

"திங்கக்கெழமை மெட்ராஸ்ல இருந்து பையிங் ஆபீஸ்காரரு வர்றாருங்க. ஏர்ப்போர்ட்ல ஏத்தீட்டு வந்து, ஆபீஸ் முன்னாடி ரிவர்ஸ்ல ஒரே சொருகாச் சொருகிப்போடுங்க. நான் மாடில நின்னு பாக்கறன். செரியா நின்னுதுன்னா ஜெபா காலு நல்லாகற வரைக்கும் நீங்களே ஓட்டுங்க. இல்லீன்னா..."

இல்லையென்றால் என்ன என்று சொல்லவில்லை. ஒரு ஆப்பிளை எடுத்து அனிதாவின் கையில் வைத்து, "நல்லாப் படி கண்ணு" என்றார். வாசல் தாண்டும்போது திரும்பி நின்றார். "பழகறதுக்கு சாயங்காலம் இன்னோவாவையே எடுத்துக்கங்க. கீறல் மட்டும் உழுகாமப் பாத்துக்கங்க. வண்டில கீறலப் பாத்தா எனக்கு அன்னிக்குச் சோறு எறங்காதுங்க."

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் எல்லாம் கெட்டது.

நாலு கல்லை நட்டு அதற்கு நடுவே பழகியிருக்கலாம். கல் பட்டால் கீறும். டிரம் வைக்கலாம், டிரம் பட்டால் நசுங்கும். கட்டிலில் படுத்தபடி யோசித்த ஜெபக்குமாருக்கு லைன் வீடுகளை ஒட்டி இருந்த சின்னானின் வேஸ்ட் குடோன் ஞாபகம் வந்தது. கம்பெனிகளில் துணி வெட்டும்போது விழும் துண்டுகளை வாங்கி மூட்டை கட்டி விற்பவர் சின்னான். ஒவ்வொரு மூட்டையும் ஆள் உயரம், யானைக்குட்டி பருமன். கையை வைத்தால் அமுங்கும். கார் மோதினால் காருக்கும் வலிக்காது, மூட்டைக்கும் வலிக்காது. குடோன் வாசலில் மண் தரை, நல்ல அகலம். சின்னானிடம் கேட்டதும், "எடுத்துக்கங்க, நீங்க கேட்டு இல்லீங்கறதா?" என்று இரண்டு மூட்டைகளை உருட்டி விட்டார். ஒன்று முன்னால் நிற்கும் வண்டி, மற்றது பின்னால் நிற்கும் வண்டி.

பாடம் தொடங்கியது. ஜெபக்குமார் குடோன் கேட் ஓரம் நிழலில் நாற்காலி போட்டு, கட்டுப் போட்ட காலை இன்னொரு நாற்காலியில் நீட்டி, முன்சக்கரத்தைப் பார்த்துக் கத்தினார்.

"முன்வண்டிக்கு இணையா வா! இன்னும்! போதும். இப்ப இடது முழுசா ஒடிட்டி! விடு, விடு, மெதுவா பின்னால வா. நேராக்கு! ஏட்டி, நேராக்குன்னா நேராக்கு, யோசிக்காத!"

"கத்தாதிய. கத்துனா எனக்கு இடது எது வலது எதுன்னே மறந்துருது."

"சாப்பிடுத கைக்கு எதிர்க்கை இடது. இப்ப வலது ஒடி!"

முதல் சாயங்காலம் இன்னோவா மூட்டையின் மேல் ஏறப் பார்த்தது. இரண்டாவது சாயங்காலம் கொஞ்சம் பரவாயில்லை. மூன்றாவது சாயங்காலம் ரோஸ்மேரி தனக்கென்று ஒரு வழி கண்டுபிடித்தார். அதை அவர் புருஷனிடம் சொல்லவில்லை. சொல்லத் தெரிந்தும் இருக்காது. அது புத்திக்குத் தெரிந்த விஷயமல்ல, முதுகுக்குத் தெரிந்த விஷயம். பின்னால் வரும்போது வண்டி மூட்டையில் மெத்தென்று சாயும். தலையணையில் சாய்வதுபோல. சாய்ந்ததும் பிரேக். நேராக்கி முன்னால் போனால் முன்மூட்டையில் மெத்தென்று சாயும். பிரேக். அவ்வளவுதான், வண்டி நின்றாயிற்று. கண்ணாடியைப் பார்க்க வேண்டியதில்லை, கழுத்தைத் திருப்ப வேண்டியதில்லை. மெத்தென்றால் நிறுத்து.

கேட்டோரம் இருந்த ஜெபக்குமாருக்கு இரண்டு மூட்டையும் சரியாகத் தெரியாது, வண்டி மறைத்துக்கொண்டது. முன்சக்கரம் ஒழுங்காகத் திரும்புவது தெரிந்தது. நாளுக்கு நாள் சொருகல் சுலபமாகிக்கொண்டே வந்தது. சனிக்கிழமை ஒரே சொருகு. ஞாயிறு பூசை முடிந்து வந்து, ஒரே கையால் ஒரே சொருகு.

"பாத்தியளா?" என்று இறங்கினார் ரோஸ்மேரி.

"எனக்குக்கூட இத்தன சுளுவா வந்ததில்லட்டி" என்றார் ஜெபக்குமார். மனைவியை அவர் வாய்விட்டுப் பாராட்டியது அதுவே முதல் தடவை. அதுவும் தப்பாகப் போயிற்று.

திங்கள்கிழமை காலை ரோஸ்மேரி கோவை விமான நிலையத்துக்குப் போய், பையிங் ஆபீஸ்காரரை ஏற்றிக்கொண்டு திரும்பினார். வந்தவர் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்காகப் பனியன் ஆர்டர் கொடுக்கிற சென்னைக்காரர், பின்சீட்டில் மடிக்கணினியைத் திறந்து மூழ்கிவிட்டார். நேர் ரோடு. தண்ணீர் தளும்பவில்லை. தெக்கலூர் பக்கம் வரும்போது செல்போன் அடித்தது. அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. மூன்றாவது முறை ஓரம் கட்டி எடுத்தார்.

"ரோசி, வண்டிய நிறுத்திட்டியா?" ஜெபக்குமாருக்கு மூச்சு வாங்கியது. "சின்னான் லோடு ஏத்த வந்தாரு. என்ற மூட்டைய எங்க கொண்டுபோய் வச்சிருக்கீங்கன்னு கேட்டாரு. நான் கட்டைய ஊனிப் போய்ப் பாத்தேன். முன்மூட்டை தண்ணித் தொட்டிய முட்டிக்கிட்டு நிக்கு. பின்மூட்டை செவுத்தோட ஒட்டிக் கெடக்கு. தரையில இழுத்த தடம் அப்படியே இருக்கு. நடுவுல ஒரு லாரிய நிறுத்தலாம்."

ரோஸ்மேரிக்குப் புரியச் சில நொடிகள் ஆயின.

"ஏட்டி, நீ கத்துக்கிடலட்டி. எடந்தான் பெருசாயிட்டு."

ஒவ்வொரு மெத்தும் மூட்டையைக் கொஞ்சம் தள்ளியிருந்தது. ஒரு வாரமாக வளர்ந்தது ரோஸ்மேரியின் திறமை அல்ல. ராயபுரம் தெருவில் அப்படி வளரும் இடம் இல்லை. அங்கே வண்டிகளுக்குள் துணித்துண்டு இல்லை, இரும்பு இருக்கிறது.

"இப்ப என்ன செய்ய?"

ஜெபக்குமார் வெகுநேரம் யோசித்தார். பல வருஷ அனுபவத்தையெல்லாம் திரட்டி ஒரு வழி சொன்னார். "பாத்துப் பண்ணு."

பின்சீட்டுக்காரர் தலையைத் தூக்கினார். "ஏதாவது பிரச்சினையாங்க?"

"இல்ல சார். வீட்டுல காப்பித்தூள் எங்கன்னு கேக்காவ."

அதற்குப் பிறகு அவிநாசி எப்போது வந்தது, எப்போது போனது என்று அவருக்குத் தெரியாது. நேர் ரோடு முடிந்துவிடக் கூடாது என்று மனசுக்குள் மாதாவிடம் கெஞ்சிக்கொண்டே ஓட்டினார். வெள்ளையன் குடும்பம் கடைசி வீட்டில் பாத்திரம் இறக்குவது கண்ணில் தெரிந்தது. பத்தாம் வகுப்புப் பாதியில் அனிதாவை எந்தப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது? கட்டுப் போட்ட காலோடு புருஷனை எந்த பஸ்ஸில் ஏற்றுவது? என்ன கெஞ்சினாலும் மாதா ரோட்டை நீட்டித்தரவில்லை. ராயபுரம் வந்துவிட்டது.

இடம் காலியாகத்தான் இருந்தது. இன்னோவா நீளத்துக்கு மேல் ஒரு முழம் இருக்கும். முன்னால் துணி உருளை ஏற்றிய சாயப்பட்டறை டெம்போ. பின்னால் ஞானசம்பந்தத்தின் வெள்ளைக் கார். அதன் முகப்பு விளக்கு கழுவி வைத்த கண்ணாடி டம்ளர்போல மின்னியது. மாடியில் வெள்ளைச் சட்டையோடு ராசப்பன். கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

ஒரு பெண் இன்னோவாவை ரிவர்ஸ் எடுக்கிறாள் என்பது தெருவுக்குத் தெரிந்தது. டீக்கடைக்காரர் கிளாசைக் கீழே வைத்தார். டெம்போவில் துணி உருளைகளின் மேல் சாய்ந்திருந்த லோடுமேன்கள் இறங்கினார்கள். அயர்ன் கடைக்காரர் பெட்டியைச் செங்குத்தாக நிறுத்திவிட்டு வந்தார். வந்தவர்கள் சும்மா நிற்கவில்லை, வழி காட்டினார்கள்.

"வாங்க வாங்க வாங்க! அக்கட்ட ஒடிங்க!"

"அக்கட்ட வேண்டாமுங்க, இக்கட்ட ஒடிங்க!"

"நேரா வாங்கம்மா, இன்னுங் கொஞ்சம் வாங்க, தாராளமா வாங்க!"

கொங்கு நாட்டில் ரிவர்ஸுக்கு வழி காட்டுவது உயிரோடு விளையாடும் காரியம். மற்ற ஊர்களில் "நில்லு" என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவார்கள். இங்கே "ஏனுங்க, கொஞ்சம் நிறுத்திக்கறீங்களா" என்று தொடங்கி மரியாதை முடிவதற்குள் பம்பர் முடிந்துவிடும்.

ரோஸ்மேரி இடது ஒடித்தார். பின்னால் வந்தார். முதுகு மெத்தென்ற அந்தச் சாய்வைத் தேடியது. சாய்வு வரவில்லை. வரவும் கூடாது, வந்தால் அது சாய்வாக இருக்காது. காலைப் பிரேக்கில் ஊன்றினார். வண்டி குறுக்கே நின்றது, பாதி ரோட்டில், பாதி ஆசையில்.

முன்னால் எடுத்தார். மறுபடி பின்னால். இந்த முறை கண்ணாடியைப் பார்த்தார். கண்ணாடியில் வெள்ளைக் கார் பக்கத்தில் தெரிந்ததா, தூரத்தில் தெரிந்ததா, இவ்வளவு நாள் பார்க்காதவருக்கு எப்படித் தெரியும்? மறுபடி பிரேக். பின்சக்கரம் சாக்கடைக் கல்லின் விளிம்பில் ஏறி "டொக்" என்றது. தெரு மொத்தமும் "ச்சோ" என்றது. பின்னால் மொபெட்டுகள் சேர்ந்துவிட்டன. ஹாரன், சைக்கிள் மணி, இந்தியில் யாரோ எதையோ கேட்டார்கள். ஸ்டீரிங் வியர்வையில் வழுக்கியது.

பின்சீட்டுக்காரர் மடிக்கணினியை மூடினார். "நான் இங்கயே இறங்கிக்கிறேங்க. நீங்க நிதானமா நிறுத்துங்க." இறங்கிச் சாக்கடையைத் தாண்டிக் குதித்து மாடியேறிப் போனார். விருந்தாளி வாசலில் இறங்காமல் நடுத்தெருவில் இறங்கியதை மாடியிலிருந்து ராசப்பன் பார்த்தார். அடுத்த நிமிடம் கீழே வந்துவிட்டார்.

கோபப்படவில்லை. ஆப்பிளோடு வந்த அன்றும் அவர் கோபப்படவில்லை.

"பரவால்லீங்க அம்மிணி. எறங்குங்க."

"இன்னொரு தடவ பாக்குதேன் முதலாளி. ஒரே ஒரு தடவ."

"போதுமுங்க. பாவம், உங்களுக்கு எதுக்குச் செரமம். எறங்குங்க, நானே நிறுத்திக்கறன்."

ரோஸ்மேரி இறங்கினார். வீடு போயிற்று என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துகொண்டார். ராசப்பன் வேட்டியை மடித்துக்கொண்டு ஏறிக் கதவைச் சாத்தினார். கருப்பு பிலிம் ஒட்டிய கண்ணாடிக்குள் மறைந்தார்.

ராசப்பனுக்கு வண்டி ஓட்டத் தெரியும். அவிநாசி ரோட்டில் ஆள் இல்லாத நேரம் ஸ்டீரிங்கை வாங்கிக்கொண்டு பறப்பார். டவுன் எல்லை வந்ததும் ஜெபக்குமாரிடம் கொடுத்துவிடுவார். ஆக, அவரும் நேர் ரோட்டுக்காரர்தான். ஆனால் முதலாளியை யாரும் மாடியில் நின்று பார்த்ததில்லை.

எஞ்சின் உறுமியது. தெரு உற்சாகமாக "வாங்க வாங்க வாங்க" என்றது. இன்னோவா ஒரு துள்ளு துள்ளிப் பின்னால் பாய்ந்தது. டீக்கடைக்காரர், "ஏனுங்க, கொஞ்சம்..." வரைக்கும் வந்துவிட்டார்.

கண்ணாடி உடையும் சத்தம் தெரு முழுக்கக் கேட்டது.

ஹாரன்கள் நின்றன. ஞானசம்பந்தத்தின் காருக்கு இப்போது ஒரு கண் இல்லை. தரையில் சில்லுகள் வெயிலில் மினுங்கின. மாடி ஜன்னலில் ஞானசம்பந்தத்தின் தலை தெரிந்தது, மறைந்தது. படியில் செருப்புச் சத்தம்.

இன்னோவாவின் கண்ணாடி இரண்டு விரல் அளவு இறங்கியது. உள்ளே இருந்து காற்றுபோல ஒரு குரல் வந்தது. "அம்மிணி, இக்கட்ட வாங்க."

ரோஸ்மேரி காதைக் கொடுத்தார்.

"அவரு எறங்கி வர்றதுக்குள்ள நீங்க ஸ்டீரிங்ல உக்கோந்துக்கங்க. நீங்க இடிச்சதாவே இருக்கட்டுமுங்க."

இதன் நியாயம் அந்த ஊர்க்காரருக்குத்தான் தெரியும். டிரைவர் இடித்தால் அது விபத்து. ஓனரே இடித்தால் அது பகை. இவ்வளவு காலம் சண்டை போடாமல் பாதுகாத்து வைத்திருந்த விரோதம் ஒரு விளக்குக் கண்ணாடியில் தெருவுக்கு வந்துவிடும். நாளைக்கு இரண்டு பக்கமும் உறவுக்காரர்கள் வந்து உட்கார்வார்கள். யார் யார் வீட்டுக் கல்யாணத்துக்கு யார் போவது என்பது வரை பேச்சு போகும்.

செருப்புச் சத்தம் முதல் மாடியைத் தாண்டியது.

"சீக்கிரமுங்க!"

ரோஸ்மேரி கதவின் மேல் கையை வைத்தார். திறக்கவில்லை. முதலாளியிடம் அவர் இதுவரை ஒரு தடவைகூட எதிர்த்துப் பேசியதில்லை. மூலையில் புத்தகங்களோடு உட்கார்ந்திருந்த அனிதாவை நினைத்தார்.

"உக்காருதேன் முதலாளி. அந்த வெள்ளகோவில்காரருக்கு வர வேண்டாம்னு போன் போட்டுருங்க. எங்க வீட்டுக்காரரு கால் சரியாகுத வரைக்கும் வண்டி எங்கிட்டத்தான் இருக்கணும். வீடும்."

"அதப் பத்தி அப்பறம் பேசிக்கலாமுங்க..."

"அப்பறம்னா அவரு வந்துருவாரு."

செருப்புச் சத்தம் கடைசிப் படிகளில் இருந்தது.

"செரீங்க! செரி! வெச்சுக்கங்க! ஆனா இது நம்ம ரெண்டு பேரத் தவுத்து ஒரு ஈ காக்காய்க்குத் தெரியப்படாது. ஜெபாகிட்டக்கூடச் சொல்லப்படாது. சொன்னீங்கன்னா அன்னைக்கே ஊட்டுச் சாவியக் குடுத்தரோணும்."

"சொல்ல மாட்டேன்."

ராசப்பன் இடது பக்க சீட்டுக்குத் தாவினார். தாவினார் என்பது மரியாதைக்குச் சொல்வது. அவருடைய தொந்தி கியரில் சிக்கியது, வேட்டி ஹேண்ட் பிரேக்கில் மாட்டியது. ஒருவழியாகப் பிடுங்கிக்கொண்டு அந்தப் பக்கக் கதவு வழியாகச் சாக்கடைக் கல்லில் இறங்கி நின்றபோது, இந்தப் பக்கம் ரோஸ்மேரி ஸ்டீரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்தார். முகம் வெளிறியிருந்தது. அதற்கு நடிக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. ஈ காக்கையைத் தவிர எல்லோரும்.

ஞானசம்பந்தம் வந்தார். விளக்கைப் பார்த்தார். ராசப்பனைப் பார்த்துக் கும்பிட்டார். "வாங்க, நல்லா இருக்கீங்களா?"

"நல்லா இருக்கறனுங்க. டிரைவரம்மா புதுசு. கொஞ்சம் பட்டுருச்சாட்ட இருக்குது. நம்ம செலவுல மாத்திக் குடுத்தரலாமுங்க."

"அதுக்கென்னங்க." ஞானசம்பந்தம் டீக்கடைப் பக்கம் திரும்பினார். "யாரு ஓட்டுனது?"

அந்தத் தெருவில் டீ குடிக்கிற பாதிப் பேர் ராசப்பன் ஆட்கள், மீதிப் பேர் ஞானசம்பந்தத்தின் ஆட்கள். யாராவது ஒருவர் வாயைத் திறந்தால் போதும்.

டீக்கடைக்காரர் கிளாசைத் துடைத்தார். இரண்டு பேருக்கும் பகை மூண்டால் பாதி வியாபாரம் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். "அந்தம்மாதானுங்க."

"அம்மாதானுங்க" என்றார் அயர்ன் கடைக்காரர்.

"நாங்க வாங்கன்னு காட்டறதுக்குள்ள வந்துட்டாங்க" என்றார் ஒரு லோடுமேன். அது ஒன்றுதான் அவர்கள் சொன்னதில் உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது.

ஞானசம்பந்தம் ரோஸ்மேரியைக் கூர்ந்து பார்த்தார். மாடி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தவருக்கு வண்டிக்கு வெளியே நின்ற ரோஸ்மேரியின் மஞ்சள் சேலை தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்திருக்கும். ஆனால் ராசப்பன் இடித்தார் என்று ஆகிவிட்டால் அவரும்தான் சண்டைக்கு நிற்க வேண்டும். அவருக்கு அன்று மதியம் ஷிப்மெண்ட் இருந்தது.

"அம்மிணி, கண்ணு எங்க வெச்சிருந்தீங்க?" என்றார்.

"முதலாளி பக்கத்துல நிக்கவும் கை நடுங்கிட்டு சார்" என்றார் ரோஸ்மேரி.

"இனிமேல் பாத்து வாங்க. இருங்க, அந்த இன்னொரு லைட்டாவது பொழைக்கட்டும்." ஞானசம்பந்தம் தன் காரில் ஏறி, அதை நாலு கடை தள்ளிக் கொண்டுபோய் நிறுத்தினார். சாயப்பட்டறை டெம்போக்காரர் அதைப் பார்த்துத் தானும் எடுத்துக்கொண்டு போனார். ஆபீஸ் முன்னால் இப்போது வெட்டவெளி. ரோஸ்மேரி வண்டியை நேராக உள்ளே விட்டு நிறுத்தினார்.

வெள்ளையன் வரவில்லை.

மறுநாளிலிருந்து அந்தத் தெருவில் நடந்ததை நேரில் பார்த்தால்தான் நம்ப முடியும். ஒரு பொய்யைச் சொன்னவர்கள் அதற்குத் தகுந்தபடி நடந்துகொள்ள வேண்டும் அல்லவா? இடிக்கிற அம்மா வருகிறார் என்றால் பயப்பட வேண்டும். முதல் இரண்டு நாள் மரியாதைக்குப் பயந்தார்கள். பிறகு கதை டீயோடு சேர்ந்து கொதித்தது. விளக்கோடு பம்பரும் போனதாகச் சொன்னார்கள், அப்புறம் ஒரு சைக்கிளும் சேர்ந்தது. ஒரு கன்றுக்குட்டி மயிரிழையில் தப்பியது. இரண்டு வாரத்தில் சொன்னவர்களே நம்பிவிட்டார்கள். இன்னோவா தெருமுனையில் திரும்பியதும் டீக்கடைக்காரர் குரல் கொடுப்பார். "அம்மா வர்றாங்க, வண்டிய எடுங்க!" மொபெட்டுகள் சிதறும். டெம்போக்கள் கிளம்பும். ஞானசம்பந்தத்தின் டிரைவர் சாவியோடு ஓடுவார். ரோஸ்மேரி வெட்டவெளியில் நேராக விட்டு நிறுத்துவார். ராசப்பனுக்கோ பெரிய மனுஷன் என்ற பெயர். "இடிச்ச டிரைவரக்கூட நிறுத்தாத வெச்சிருக்கறாரு, என்ன மனசு!"

கடைசியில் ராசப்பனும் நம்பினார். ஒரு நாள் பின்சீட்டிலிருந்து, உண்மையான அக்கறையோடு சொன்னார். "அன்னைக்கு நீங்க கொஞ்சம் பொறுமையா எடுத்திருக்கோணுமுங்க அம்மிணி. ஆக்சிலேட்டர அத்தன அமுக்கியிருக்கப்படாது."

ரோஸ்மேரி கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தார். விளையாட்டில்லை. "ஆமா முதலாளி" என்றார்.

மாவுக்கட்டு பிரித்து, ஜெபக்குமார் நொண்டாமல் நடந்து, வேலைக்குத் திரும்பினார். தெருமுனையில் இன்னோவா திரும்பியது. டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "அட, நம்ம ஜெபா" என்று சொல்லிவிட்டு டீ ஆற்றினார். ஒருவரும் வண்டியை எடுக்கவில்லை. சொருகுவதற்கு இடமே இல்லை. மூன்று தெரு தள்ளி நிறுத்திவிட்டு முதலாளியை வெயிலில் நடத்திக் கூட்டிவந்தார். அடுத்த நாளும் அப்படியே. மூன்றாவது நாள் ராசப்பன் வீட்டுக்கு வந்தார். ஜெபக்குமார் அவர் கையில் ஆப்பிள் இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை.

"ஏனுங்க ஜெபா, நீங்க கம்பெனி வேன எடுத்துக்கங்க. துணி ஏத்தி எறக்க நம்பிக்கையான ஆளு வேணுமுங்க. இன்னோவா அம்மிணிகிட்டயே இருக்கட்டும். ஊடு எப்பவும்போல உங்களுதுதான்."

அன்று சாயங்காலம் அனிதா உள்ளே சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். ஜெபக்குமார் வேன் சாவியை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டே வாசலில் உட்கார்ந்திருந்தார். ரோஸ்மேரி அரிசியில் கல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, நெசத்தச் சொல்லு. நீதான் இடிச்சியா? அந்தத் தெருவுல எல்லாவனும் ஒரே மாதிரி சொல்லுதான். எல்லாவனும் ஒரே மாதிரி சொன்னா எனக்குச் சந்தேகமா இருக்கு."

ரோஸ்மேரியின் கை நின்றது. பல வருஷமாக ஒரு பொய்கூடச் சொல்லாத மனுஷன். உண்மையைச் சொன்னால் சந்தோஷப்படுவார். சந்தோஷம் தாங்காமல் நாளைக்கே வேன் ஸ்டாண்டில் நாலு பேரிடம் சொல்லுவார். அன்றைக்கே வீட்டுச் சாவியைக் கொடுக்க வேண்டியதுதான்.

"நான்தான்" என்றார்.

ஜெபக்குமார் பெருமூச்சு விட்டார். தரையில் இரண்டு தீப்பெட்டிகளை வைத்தார், நடுவில் சாவிக்கொத்தை வைத்தார். "எனக்கு அன்னைக்கே தெரியும். நீ வலது ஒடிக்கத் தாமசம் பண்ணியிருப்ப. இங்க பாரு, இப்படி வாரல்லா, வந்ததும்..."

ரோஸ்மேரி அரிசித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் குனிந்து, தீப்பெட்டிகளைப் பார்த்துத் தலையாட்டினார்.